இன்னொரு மூடி

உப்பு விஷயத்தில் பொன்மணியிடம் விளையாட்டே கிடையாது. போன வருஷம் மழைக்காலத்தில் அவள் புருஷன் சேட்டு மூச்சு வாங்கி, மூச்சு வாங்கி, பேச முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவனுடைய இதயம் இறைக்க வேண்டிய அளவுக்கு ரத்தத்தை இறைக்கவில்லை, உப்பைக் குறைக்காவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று சொல்லி, மாத்திரைகள் கொடுத்து அனுப்பினார்கள். அன்றோடு மந்தைவெளி ஹவுசிங் போர்டில் இருந்த அந்த இரண்டாம் மாடி வீட்டிலிருந்து ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று, கருவாட்டு வாசம் அறவே போயிற்று. குழம்பு கொதித்ததும் சேட்டுவுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்த பிறகுதான் சட்டியில் உப்பு விழும். அவன் கிண்ணத்துக்கு உண்டானது ஒரு சிட்டிகை.

"இத்த துன்னா ரப்பரு துன்றாப்புல கீதுமே," என்பான் சேட்டு.

"ரப்பரு நல்லா உழைக்கும். துன்னு."

வியாதியை அவர்கள் வெளியே சொல்லவில்லை. சேட்டு ராயப்பேட்டையில் வலியுல்லா பாயின் பிரியாணிக் கடையில் மாஸ்டர். விறகு அடுப்பு, இடுப்புயரத் தேக்சா அண்டா, நாள் முழுக்க அனல். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் பாய், 'வேணாம்ப்பா, நீ போயி ஒடம்ப பாரு' என்று சொல்லிவிடுவார். இரக்கப்பட்டுத்தான் சொல்லுவார், ஆனால் சொல்லிவிடுவார். ஆகவே கடையில் எல்லாரையும் பொறுத்தவரை அவனுக்கு வந்தது விஷக்காய்ச்சல்.

நெஞ்செரிச்சல் வந்தது இந்தக் கோடையில். சாப்பிட்டு எழுந்தால் மார்புக் குழியில் கங்கு வைத்தது போல எரியும். குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறும். படுக்கவே முடியாமல் தலையணைமேல் தலையணை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தே கண்ணயர்வான். பொன்மணிக்கு முதலில் பகீரென்றது.

"நெஞ்சு வலிக்குதாய்யா?"

"வலி இல்லமே. எரியுது. ஏப்பம் வந்தா அடங்குது."

அந்த மட்டில் அவளுக்கு உயிர் வந்தது. ஏப்பத்துக்கு அடங்குவது இதயமாக இருக்காது என்று அவளாகவே தீர்மானித்துக்கொண்டாள். ராயப்பேட்டையில் ஒரு வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. அது முடிந்து திரும்பும் வழியில் இருந்த மருந்துக் கடையில் போய் நின்றாள்.

கடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். பொறுமைசாலி. எரிச்சல் சாப்பிட்ட பிறகா, சும்மாவேயா, விழுங்கும்போது அடைக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு ஒரு வெள்ளை பாட்டிலை எடுத்து வைத்தாள்.

"இது வயித்துக்குள்ள போயி நுரைச்சு, சாப்பாட்டு மேல ஆடை மாதிரி மிதக்கும்மா. புளிப்புத் தண்ணி அதைத் தாண்டி மேல வராது. சாப்பிட்டதும் ஒரு மூடி, படுக்கறப்போ ஒரு மூடி. குடிச்ச கையோட தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு வாரத்துல சரியாகலைன்னா டாக்டர்கிட்டதான் போகணும்."

"செரிம்மா."

"அவருக்கு பிரஷர், ஹார்ட்டு, கிட்னின்னு வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

பொன்மணி வாயைத் திறந்தாள். பக்கத்தில் முழங்கால் தைலம் வாங்க அமீனா பீ நின்றிருந்தாள். வலியுல்லா பாயின் மனைவி. 'இன்னா பொன்மணி, சேட்டுக்கா மருந்து?' என்று அப்போதுதான் விசாரித்திருந்தாள். தங்கமான மனுஷி, ஆனால் அவள் காதில் விழுந்தது மத்தியானத் தொழுகைக்குள் பாய் காதிலும் விழும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றாள் பொன்மணி. "கல்லு மாதிரி கீறாரு."

பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மருந்து கேட்டது. முதல் நாளே கேட்டது. புதினா வாசத்தோடு மோர் போல வழவழவென்று இருந்த அதை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, சேட்டு மாதக்கணக்கில் இல்லாத அதிசயமாக நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டான். பொன்மணி அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரு மூடிக்கே இவ்வளவு சுகம் என்றால் இரண்டு மூடிக்கு? மறுநாள் முதல் இரண்டாக ஊற்றினாள். காலைப் பலகாரத்துக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் டப்பாவோடு சின்ன பாட்டிலில், ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு, படுக்கும்முன் கடைசியாக. "போதும்மே" என்றால், "இன்னொரு மூடி. வயிறு குளுரட்டும்" என்று தாடையைப் பிடித்து ஊற்றுவாள். அவன் சிரித்துக்கொண்டே குடிப்பான். உப்பில்லாத சோற்றைப் போட்ட கையால் அவனுக்கு இஷ்டமான ஒன்றைக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. ஒரு வாரம் என்றது மறந்தே போயிற்று. பாட்டில் தீரத் தீர, வேறு வேறு கடையில் வாங்கிக்கொண்டாள்.

பிறகு கால் வீங்கிற்று.

முதலில் செருப்பு வார் பதிந்த தடம் மறையவில்லை. அப்புறம் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. முகமும் உப்பிற்று. இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுவில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பவன் போல் பாவனை செய்தான்.

உப்பு எங்கிருந்து வருகிறது? பொன்மணி சுற்றிச் சுற்றி யோசித்தாள். வீட்டில் வழியே இல்லை. மிச்சம் இருந்தது கடை.

வலியுல்லா பாய் கடையில் ஒரு முறை உண்டு. அரிசி போடுவதற்கு முன்னால் உலைத் தண்ணீரில் உப்பு பார்க்க வேண்டும். நாக்கில் வைத்தால் முகம் சுருங்குகிற அளவுக்கு அது கரிக்க வேண்டும். அப்போதுதான் வடித்த பிறகு சோற்றில் உப்பு நிற்கும். மாஸ்டர் கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, துப்பிவிட்டு, 'போடு' என்பான். அவன் சொல்லாமல் ஒரு மணி அரிசி உள்ளே போகாது. வேறு யாரும் பார்க்கவும் கூடாது. அந்தக் கடையில் மாஸ்டர் என்றால் உலையில் உப்பு பார்க்கிறவன் என்றுதான் அர்த்தம்.

"துப்பிடறேன்மே," என்றான் சேட்டு. "வாய கொப்புளிச்சிட்டுத்தான் அடுத்த வேல."

"துப்பறவன் காலு இப்டி பூசணிக்காயா வீங்குமா?"

"நான் இன்னா பண்றது? நீ குடுக்கறத்ததான் துன்றேன்."

"அப்ப நான்தான் ஒன்னிய வீங்க வக்கிறேனா? நாக்கு கேக்குது ஒனக்கு. சால்னா, தால்சான்னு வழிச்சிக்கினு இருப்பே. எனுக்குத் தெரியாதா?"

அவன் மகள்மேல் சத்தியம் செய்தான். பொன்மணி அதை ஆதம்பாக்கத்தில் இருந்த அந்த மகளுக்கே போன் போட்டுச் சொன்னாள். 'உங்கப்பன் ஒம்மேல பொய்ச் சத்தியம் பண்ணிக்கினு கீது.' மகள் போனிலேயே அழுதாள், அப்பனிடம் கொடுக்கச் சொன்னாள். "ஏன் நைனா இப்டி பண்றே? எங்களுக்கு நீ வேணாமா?" சேட்டு போனைக் காதில் வைத்தபடி தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் பொன்மணி வேலைக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்துவிட்டாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. சேட்டு கரண்டியும் கையுமாக நின்றான். அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த இனாயத் அரிசிக் கூடையைத் தூக்கிப் பிடித்திருந்தான். வெங்காயம் உரிக்கிறவர்கள், தட்டு கழுவுகிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள்.

"பாய், இந்த ஆளுக்கு ஹார்ட்டு பலவீனம். காய்ச்சல்னு சொன்னது பொய்யி. நாக்குல உப்பு படக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. வூட்டுல நான் சிட்டிக சிட்டிகயா எடுத்துப் போடறேன், இங்க வந்து இது உப்புத் தண்ணி குடிச்சிக்கினு கீது. காலப் பாருங்க. நீங்களே பாருங்க!"

குனிந்து அவன் கைலியைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக் காட்டினாள். சேட்டு காலை இழுத்துக்கொண்டான்.

"இன்னாப்பா சேட்டு," என்றார் பாய், மெதுவாக. "இத்தினி நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

சேட்டு கரண்டியைத் தேக்சா விளிம்பில் வைத்தான். அன்றைக்கு உலையில் உப்பு பார்த்தது இனாயத். சேட்டு பார்சல் மேஜைக்குப் போனான். வாழையிலையை விரித்து, பிரியாணி வைத்து, வெங்காயப் பச்சடியும் தால்சாவும் தனித்தனியாகக் கட்டி, பையில் போட்டு நீட்டும் வேலை. வாங்க வந்தவர்கள், "மாஸ்டர், நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டால், "காத்தோட்டமா கீது" என்பான்.

இவ்வளவுக்குப் பிறகும் வீக்கம் இறங்கவில்லை. பொன்மணி வேறு விதமாக யோசித்திருக்கலாம். ஆனால் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: இன்னும் திருட்டுத்தனமாகத் தின்கிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் "ஊது" என்று வாயை முகர்ந்து பார்த்தாள். சட்டைப் பையைத் துழாவினாள். அவன் குடிகாரனைப் போல வாசலில் நின்று அவள் முகத்தில் ஊதிக் காட்டினான். அதற்கப்புறம் சோறு, சோற்றுக்கப்புறம் இரண்டு மூடி.

மூச்சு வாங்கல் அதிகமானதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சாப்பிடுகிற மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவளும் ஒன்று விடாமல் எடுத்துப் போயிருந்தாள், அந்த விஷயத்தில் அவள் கெட்டி. சேட்டுவை ஈ.சி.ஜி. எடுக்க அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் பையைக் கவிழ்த்தார். இளம் வயதுக்காரர், தூக்கமில்லாத கண். மாத்திரை அட்டைகளை ஒதுக்கியவர், வெள்ளை பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"நாந்தான் வாங்கினேன் சார். நெஞ்செரிச்சலுக்கு. நல்லா கேக்குது."

"கேக்கும். நல்ல மருந்துதான். எவ்வளவு குடுக்கறீங்க?"

சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

டாக்டர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "இதுல சோடியம் இருக்கும்மா. உப்புல இருக்கிற அதே சரக்கு. மத்தவங்களுக்குப் பரவாயில்ல. இவருக்கு, அதுவும் இத்தனை தடவை, ரெட்டை ரெட்டையா, ஆகாது. நீங்க சோத்துல எடுத்த உப்பு இதுல திரும்பி வந்திருக்கு. வாங்கறப்போ ஹார்ட் பிரச்சனை இருக்கான்னு கேக்கலையா கடையில?"

பொன்மணி மாத்திரை அட்டைகளைப் பைக்குள் எடுத்துப் போடத் தொடங்கினாள். "கேக்கல சார்," என்றாள்.

இரண்டாவது தடவையாக அந்தக் கடைக்காரப் பெண் விஷயத்தில் பொய் சொல்லியாயிற்று.

"இத நிறுத்திடுங்க. எரிச்சலுக்கு வேற மாத்திரை எழுதறேன், சாப்பாட்டுக்கு முன்னாடி குடுங்க. நீர் பிரியற மாத்திரைய கொஞ்ச நாளைக்கு ஏத்தறேன். சாப்பிட்ட உடனே படுக்க விடாதீங்க."

எழுந்தவள் நின்றாள். "சார், ஒலத் தண்ணியில உப்பு பாக்கறது... பிரியாணி மாஸ்டரு சார் அவரு. நாக்குல ஒரு சொட்டு வச்சி துப்பிடுவாரு. அதுனால வீங்குமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரு சொட்டுலயா? துப்பிட்டு வாய் கொப்புளிச்சா என்னம்மா ஆகப் போகுது."

வெளியில் பெஞ்சில் சேட்டு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். "இன்னாமே சொன்னாரு?" என்று கேட்டான்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். பெஞ்சில் இடம்கூட இருந்தது. பொன்மணி பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மருந்த மாத்திக் குடுத்துக்கீறாரு," என்றாள்.

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

பாட்டிலில் மிச்சம் இருந்ததைச் சாக்கடையில் கவிழ்த்தாள். சொல்லிவிடலாம், வீக்கம் வடியட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். வீக்கம் வடிந்தது. கணுக்கால் எலும்பு மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது. சேட்டு மாடியை ஒரே மூச்சில் ஏறி வந்து, "இன்னா, எப்டி?" என்று இடுப்பில் கை வைத்து நின்றான். சந்தோஷமாக இருக்கிறவனிடம் இப்போது எதற்கு என்று தள்ளினாள். தள்ளத் தள்ள அது கனத்தது. வேலை செய்கிற வீட்டில் ரசத்துக்கு உப்பெடுக்கும்போது, 'நீ குடுக்கறத்ததான் துன்றேன்' என்று அவன் சொன்னது காதில் விழும். அவன் அதைத் தற்காப்புக்குச் சொன்னான். அதுவே அப்படியே உண்மை என்று அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் காலைத் தூக்கிக் காட்டினாளே, அந்தக் கைலியைத் துவைக்கிற போதெல்லாம் கை கூசிற்று. மருந்துக் கடை இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கமாக நடந்து போகப் பழகினாள்.

ஒரு சாயங்காலம் சேட்டு மல்லிப்பூ வாங்கிக்கொண்டு வந்தான். கல்யாண நாள், காது குத்து என்று ஏதாவது இருந்தால் ஒழியப் பூ வாங்குகிறவன் அல்ல. பொட்டலத்தை அவள் மடியில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நீ சொன்னதுதாம்மே கரெக்ட்டு."

"எது?"

"உப்புதான். அடுப்ப வுட்டு நவுந்தேன், காலு வடிஞ்சிடுச்சி பாரு. மொதல்ல கொஞ்ச நாளு வடியல, ஆனா அது பழைய உப்பா இருந்திருக்கும். துப்பறேன் துப்பறேன்னு சொல்லிக்கினு கீறேனே தவுர, முழுசாவா துப்பியிருப்பேன்? கொஞ்சம் உள்ள போயிருக்கும். இத்தினி வருசம் தெனம் தெனம் போனா?" தலையைச் சொறிந்தான். "இன்னொண்ணு. பார்சல் கட்டறப்போ ஒரு தபா வெரல்ல தால்சா பட்டுது. நக்கிட்டேன். பொண்ணு மேல சத்தியம் வேற பண்ணிட்டேன். அதுலேர்ந்து மனசே செரியில்ல."

பொன்மணி பூப்பொட்டலத்தின் நூலைப் பிரிப்பது போலக் குனிந்துகொண்டாள்.

"ஒன்னிய என்னென்னவோ பேசிட்டேன். மன்னிச்சிக்கமே."

"வுடுய்யா," என்றாள் அவள்.

"பாய்கிட்டயும் சொல்லிட்டேன். அடுப்பு இனாயத்துக்கே இருக்கட்டும்னு. எனுக்கு நாக்கு அடங்காது, நான் பார்சல்லயே இருந்துக்கறேன்னுட்டேன். வெள்ளிக்கெழம பாத்தியா ஓதிக் கரண்டி குடுக்கறாங்க அவனுக்கு."

அந்தக் கடையில் அது வழக்கம். அடுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால் சர்க்கரை வைத்து, பாத்தியா என்கிற பிரார்த்தனை ஓதி, புது மாஸ்டர் கையில் பாய் கரண்டியைக் கொடுப்பார். கொடுத்த பிறகு திரும்பி வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

"பூவ வையேன்," என்றான் சேட்டு.

அவள் வைத்துக்கொண்டாள். அதைக் காட்டிலும் பாரமான எதையும் அவள் தலையில் சுமந்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை அவள் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவன் மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் கேட்டான். டம்ளரை நீட்டியவள் கையை விடவில்லை.

"யோவ், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. டம்ளர வுடு மொதல்ல."

"உப்பு ஒங்கடையிலேர்ந்து வரல. நான் ஊத்தின மருந்துலேர்ந்து வந்துச்சி. அந்த வெள்ள பாட்டிலு. அதுல உப்பு கீதாம். டாக்டரு சொன்னாரு. ஒன்னிய மாதிரி ஆளுக்கு ஆவாதாம். நான் ஒண்ணுக்கு ரெண்டா ஊத்தினேன். அந்தக் கடைப் பொண்ணு கேட்டுச்சிய்யா, ஹார்ட்டு கோளாறு கீதான்னு. அமீனா பீ பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்க. இல்லன்னுட்டேன். ஒலத் தண்ணி பாக்கறதுல ஒண்ணும் இல்லியாம், கேட்டேன். நீ ஒண்ணும் பண்ணல. எல்லாம் நாந்தான்."

சேட்டு டம்ளரை வாங்கிக்கொண்டான். பிறகு, அவள் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்தான்.

"அடிப் பாவி. அந்தப் புதினா மோரா? நல்லா இருந்துச்சேமே அது!"

"சிரிக்காதய்யா."

"பின்ன? நீ இன்னா டாக்டருக்குப் படிச்சியா? நல்லதுன்னு ஊத்தினே. எனுக்கும் எரிச்சல் அடங்குச்சி. பாய்க்குத் தெரியக்கூடாதுன்னு நெனச்சது நீ மட்டுமா, நானுந்தான். அத்த வுடு." மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தவன் டம்ளரை இறக்கினான். "டாக்டரு எப்ப சொன்னாரு?"

பொன்மணி டம்ளரை வாங்கக் கை நீட்டினாள், அவன் கொடுக்கவில்லை.

"எப்பமே சொன்னாரு?"

"ஈ.சி.ஜி. எடுத்த அன்னிக்கி."

"அன்னிக்கே தெரியும் ஒனக்கு."

"தெரியும்."

"அப்ப நான் பூ வாங்கியாந்தனே... அப்பவும் தெரியும்."

பொன்மணி தலையை ஆட்டினாள்.

"நான் இங்க குந்திக்கினு மன்னிச்சிக்கன்னு கேக்கறேன். நக்கினத்தெல்லாம் சொல்றேன். நீ தெரிஞ்சிக்கினே, வுடுய்யான்னே."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். திரும்பி வந்து சாப்பிட்டான், தூங்கினான், விடிந்ததும் வேலைக்குக் கிளம்பினான். அத்தனைக்கும் நடுவில் ஒரு வார்த்தை இல்லை. பாயிடம் சொல்லப் போகிறானா என்றும் தெரியவில்லை. சொல்ல மாட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றிற்று. பெண்டாட்டியின் பொய்யை நாலு பேர் முன்னால் அவிழ்க்கிறவன் இல்லை அவன். அப்படிச் செய்கிறவள் அவள்தான்.

வேலை செய்கிற வீட்டில் நேரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். தட்டில் சர்க்கரை, ஊதுபத்தி. இனாயத் புதுக் கைலி கட்டி, தலைக்குத் தொப்பி வைத்து நின்றிருந்தான். வீட்டு விசேஷம் போல அமீனா பீயும் வந்திருந்தாள். சேட்டு பார்சல் மேஜையில் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறிற்று.

"பாய், ஒரு நிமிசம்," என்றாள் பொன்மணி. "அன்னிக்கி இதே எடத்துல நின்னுக்கினு இவரப் பத்திச் சொன்னேன். அது தப்பு. இவரு ஒரு கல்லு உப்பு துன்னல. உப்பக் குடுத்தது நானு."

எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில், இரட்டை மூடி, டாக்டர். அமீனா பீ பக்கம் திரும்பி மருந்துக் கடையில் சொன்ன பொய்யையும் சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். சேட்டு இலைகளைத் துடைப்பதை விட்டுவிட்டான்.

"யா அல்லா," என்றாள் அமீனா பீ. "என்னப் பாத்தா பயந்தே? நான் அன்னிக்கி முட்டி வலியில நின்னேன் தாயி, நீ என்னா மருந்து வாங்குனேன்னே பாக்கல."

யாரோ சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு இனாயத்தைப் பார்த்தார். இனாயத் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர் கீறப்ப நான் எப்டி பாய் கரண்டி வாங்கறது?" என்றான். புதுக் கைலியை ஒரு தரம் தடவிவிட்டுக்கொண்டான். அந்தத் தடவலையும் பொன்மணி பார்த்தாள். அவளால் ஏமாந்தவர்களில் இவனும் ஒருவன்.

"சேட்டு," என்றார் பாய். "நீ இன்னாப்பா சொல்றே?"

சேட்டு கையைத் துண்டில் துடைத்தான். "தேக்சா தூக்கறதுக்கு இனிமே ஒடம்பு தாங்காது பாய். அது நெசந்தான். தூக்கறது, எறக்கறது, தம் போடறது இனாயத்து பாக்கட்டும். கரண்டிய அவனுக்கே குடுங்க. ஒல மட்டும் நான் பாத்துக்கறேன்."

"ஒரு அடுப்புக்கு ரெண்டு மாஸ்டரா?"

"சம்பளத்தையா கூட்டிக் கேட்டேன்? உப்புதான கேட்டேன்."

பாய் யோசித்தார். "டாக்டர்கிட்ட நீயே போயி ஒரு தபா கேட்டுக்கினு வா. பொம்பள சொல்லி நான் கேட்டது போதும்," என்றார். பிறகு பாத்தியா ஓதினார்கள். சர்க்கரை கொடுக்கும்போது அமீனா பீ பொன்மணி கையிலும் ஒரு சிட்டிகை வைத்தாள்.

பொன்மணி வெளியே வந்து நடந்தாள். பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சேட்டு. பக்கத்தில் வந்து நின்றான், ரோட்டைப் பார்த்தபடி.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். அந்த டாக்டரு இன்னிக்கி இருப்பாரா?"

"வெள்ளிக்கெழம இருப்பாரு. நானும் வரட்டா?"

"வேணாம்."

பஸ் வந்தது. அவன் பஸ் இல்லை. அது நின்று கிளம்பிப் போயிற்று.

"யோவ். இனிமே எது தெரிஞ்சாலும் அன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லு. இன்னிக்கி இன்னா தெரிஞ்சிது?"

"நீ இன்னும் எம்மேல கோவமா கீறேன்னு தெரிஞ்சிது."

"கீறேன்."

"எத்தினி நாளைக்கு?"

"எனுக்கே தெரியல," என்றான் சேட்டு. அடுத்த பஸ் வளைவில் தெரிந்தது. கையை நீட்டி நிறுத்தினான். "தெரிஞ்சா அன்னிக்கே சொல்றேன்."